எட்டாவது கட்டத்தில் விழுந்த பணம்

தென் ஆஸ்திரேலியாவின் கடலோர ஊரான போர்ட் மெலினை கிளெனிஸ் பாஸ்கோ ஆண்டது தேர்தல் நாளில் மட்டும்தான். ஆனால் அந்த ஒரு நாள் அவள் ஆண்ட மாதிரி எந்த மந்திரியும் எந்த நாட்டையும் ஆண்டிருக்க மாட்டான். ஆரம்பப் பள்ளிக்கூடத்து ஹால்தான் வாக்குச்சாவடி. மேஜை எங்கே இருக்க வேண்டும், பென்சிலுக்கு எவ்வளவு நீளம் கயிறு விட வேண்டும், வாசலில் பெற்றோர் சங்கம் சாசேஜ் சுடுகிற அடுப்பின் புகை எந்தப் பக்கம் போக வேண்டும், எல்லாம் அவள் சொன்னபடிதான். புகை மட்டும் சில வருஷம் பேச்சைக் கேட்காது.

மற்ற நாட்களில் அவளுக்கு ஆள்வதற்கு ஒன்றும் இல்லை. அதே பள்ளிக்கூடத்தின் சிற்றுண்டிக் கடையை வருஷக்கணக்காக நடத்தினாள். ஊரில் பாதிப் பேர் அவள் கையால் பேஸ்ட்டி, மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்டது, தின்று வளர்ந்தவர்கள். பிள்ளைகள் குறைந்தார்கள், கடையை மூடிவிட்டார்கள். கணவன் வார்விக் காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வண்டி வீடான ஒரு காரவன் வாங்கிக்கொண்டு குவீன்ஸ்லாந்து பார்க்கக் கிளம்பினான். காரவனில் இன்னொருத்தியும் இருந்தாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கப்புறம் கிளெனிஸுக்கு மிஞ்சியது அந்த ஹாலும், அதில் அவள் போட்டுக்கொள்ளும் ஊதா நிற மேல்சட்டையும், 'சாவடிப் பொறுப்பாளர்' என்று அதன் முதுகில் எழுதியிருந்த இரண்டு வார்த்தையும்தான். அதை அவள் இஸ்திரி போட்டு, தனியாக ஒரு உறையில் தொங்கவிட்டிருந்தாள்.

அவள் வாயிலிருந்து வாக்காளர்கள் கேட்ட மந்திரம் ஒன்றே ஒன்று. எல்லாக் கட்டத்திலும் நம்பர் போடுங்கள். பிடித்தவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, பிடிக்கவே பிடிக்காதவருக்குக் கடைசி நம்பர். ஒரு கட்டம் காலியாக விட்டாலும் சீட்டு செல்லாது. ஊர் வழக்கமே அதுதான். போர்ட் மெலினில் ஒருவனிடம் கட்டம் போட்ட காகிதத்தைக் கொடுத்தால் கை தானாக ஒன்று, இரண்டு என்று போக ஆரம்பித்துவிடும். அதில் பெருமைப்பட்டவர்களில் முதல் ஆள் கிளெனிஸ். அந்தப் பெருமைதான் பின்னால் காலை வாரியது.

தேர்தலுக்குத் தேர்தல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த நாள் சம்பளத்தோடு ஓய்வுகால நிதிக்கும் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். ஒரு வருஷம், சம்பளம் போடுகிற வேலையை மெல்போர்னில் ஏதோ ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கம்பெனி புதிதாக ஒரு படிவம் அச்சடித்து அனுப்பியது. பணம் எதில் சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்க எட்டு நிதிகளின் பெயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் 'ஒன்றில் மட்டும் குறியிடவும்' என்றும் இருந்தது. பயிற்சி நாள் அன்று பள்ளிக்கூட நூலகத்தில், குழந்தைகள் உட்காரும் நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த தன் ஆட்களுக்கு கிளெனிஸ் அதை விநியோகித்தாள்.

தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டெஸ் ட்ரெலோர், வரிசையைக் கவனிக்கிறவர், படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல என்ன பண்ணணும்?"

கிளெனிஸ் தேநீருக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கட்டம் இருந்தா நம்பர் போடு டெஸ். ஊருக்கே சொல்லிக் குடுக்கறோம், நமக்கே மறந்துபோச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒன்று முதல் எட்டு வரை போட்டார்கள். ஒருத்தருக்கும் இது விபரீதமாகப் படவில்லை. எந்த நிதிக்கு ஒன்று போடுவது என்று கொஞ்சம் வாக்குவாதம்கூட நடந்தது. எட்டு யாருக்கு என்பதில் மட்டும் வாக்குவாதமே இல்லை. ஹாலிடன் நிதி. ஊரிலிருந்த மீன் டப்பா ஆலையை ராத்திரியோடு ராத்திரியாக மூடிவிட்டு, கடைசிச் சம்பளத்துக்கு ஊரையே நாயாக அலையவிட்ட அதே ஹாலிடன் முதலாளிகள் நடத்துவது. அதற்கு எட்டு போடும்போது சிலர் பேனாவை அழுத்தியே போட்டார்கள்.

அவர்களில் ஒருத்தி ரெய்லீன் ஹெஃபர்னன். ஆலையில் மீன் சுத்தம் செய்து, அது மூடிய பிறகு காரவன் பார்க்கில் கழிவறை கழுவிக் காலம் ஓட்டுகிறவள். கிளெனிஸுக்கு ஊரிலேயே நெருங்கிய சிநேகிதி. சாவடியில் வாக்காளர் பட்டியல் மேஜை அவளுடையது. அவள் சிரித்தால் படகுத்துறையில் நண்டு பிடிக்கிறவர்கள் வரை கேட்கும் என்பார்கள். படிவத்தின் பின்பக்கம் ஒரு கேள்வி இருந்தது: பழைய நிதிகளில் உள்ள பணத்தையும் இதற்கே மாற்றிவிடலாமா? அங்கே இங்கே சிதறிக் கிடப்பதை எல்லாம் தன் முதல் நம்பர் நிதியில் சேர்த்துவிடுவார்கள் என்று ரெய்லீன் ஆம் என்றாள். ஆலையில் சேர்ந்தது, காரவன் பார்க்கில் சேர்ந்தது, அவள் ஆயுசில் சேர்த்தது எல்லாம் அதுதான்.

சில வருஷம் போயிற்று. இரண்டு மூன்று தேர்தல் வந்து போயிற்று. ரெய்லீனுக்கு முன்பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. அரசாங்கப் பல் மருத்துவமனையில் பெயர் கொடுத்தால் முறை வருவதற்குள் மிச்சப் பல்லும் போய்விடும். தனியார் மருத்துவரிடம் போகக் காசு இல்லை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் சிரிப்பதையே விட்டாள். யார் வீட்டிலும் சாப்பிட உட்கார மாட்டாள். அறுபது வயது ஆனதும், இனி நிதியிலிருந்து பணத்தை எடுக்கலாம் என்று தெரிந்த அன்றைக்கே பக்கத்து டவுனான கடினாவில் பல் மருத்துவரைப் பார்த்து அளவு கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் கிளெனிஸ் வீட்டில் இறங்கி, கையால் வாயை மூடாமலே விஷயத்தைச் சொன்னாள்.

மறு வாரம் அதே சமையலறையில் வந்து உட்கார்ந்து, நிதிக்காரர்கள் சொன்னதைச் சொன்னாள். பணம் முதல் நம்பர் நிதியில் இல்லவே இல்லையாம். ஹாலிடனில் இருந்ததாம். அங்கே செத்தால் ஒரு இன்சூரன்ஸ், கை கால் போனால் ஒரு இன்சூரன்ஸ், கணக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு கட்டணம் என்று வாராவாரம் பிடித்துப் பிடித்து, இப்போது மிச்சம் இருப்பது ஒரு பல்லுக்குக்கூடக் காணாது. ஹாலிடன் அவளுக்குக் கடிதம் அனுப்பாமல் இல்லை. உறையில் அந்த முத்திரையைப் பார்த்தாலே பிரிக்காமல் அடுப்பில் போடுவது ரெய்லீனின் வழக்கம். ஊரில் பாதிப் பேரின் வழக்கமும் அதுதான்.

கிளெனிஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். பாட்டு கேட்டுக்கொண்டு வெகுநேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். படிவங்களை மனிதர்கள் படிப்பதில்லை, இயந்திரம் படிக்கிறது. எந்தக் கட்டத்தில் மை அதிகமோ அதைத்தான் தேர்ந்தெடுத்ததாக அது எடுத்துக்கொள்ளும். ஒன்று என்பது ஒரே ஒரு கோடு. எட்டுக்கு இரண்டு சுழி. போர்ட் மெலின் சாவடியிலிருந்து வந்த எல்லாப் படிவத்திலும் எட்டு நம்பர்கள் இருப்பது இப்போதுதான் திரையில் தெரிகிறது, இப்படி யாரும் செய்து அவள் பார்த்ததில்லை என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாள்.

கிளெனிஸ் ஆடிப்போனாள். யாரை வேண்டாம் என்று அழுத்தி எழுதினார்களோ அவனிடமே எல்லோர் பணமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவள் பணமும்தான். சொல்லிக்கொடுத்தது யார் என்பது அவளுக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கும் தெரியும். தெரிந்தும் கிளெனிஸ் வாயில் வந்தது வேறு.

"கீழே ஒண்ணு மட்டும்னு போட்டிருந்ததே, ரெய்லீன். நீ படிக்கலையா?"

ரெய்லீன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ சொன்னே. நீ சொன்னா நான் படிக்கறதில்ல. அவ்வளவுதான் நான் பண்ண தப்பு."

அவள் கார் திரும்பிப் போகிற சத்தம் கேட்கும் வரை கிளெனிஸ் போனைக் கையில் பிடித்தபடியே நின்றாள். தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அன்றைக்கு அவள் பின்னால் போகவில்லை. கிளெனிஸுக்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் கிடையாது. சாவடியில் அதற்குத் தேவை வந்ததே இல்லை.

அவள் செய்தது, வட்டாரத் தேர்தல் அலுவலகத்தில் இருக்கிற ஃபிலிப்பாவைக் கூப்பிட்டதுதான். பல தேர்தல்களாகப் பழக்கம், நல்ல பெண். ஃபிலிப்பா விசாரித்துவிட்டு இரண்டு நாளில் திரும்ப அழைத்தாள். வழி இரண்டு இருக்கிறதாம். படிவத்தை நிரப்பியவர்கள் தவறு என்றால் ஆளுக்கு ஆள் தனியாக முறையிட வேண்டும், தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், போன கட்டணம் போனதுதான். வேலை கொடுத்தவர்கள் தவறு என்றால் அப்படியில்லை. பிடித்ததெல்லாம் திரும்ப வரும், அவரவர் ஒன்று போட்ட நிதிக்கு, இத்தனை வருஷ லாபத்தோடு.

"வேலை குடுத்தவங்க தப்புன்னா, யாரோட தப்பு?" என்று கேட்டாள் கிளெனிஸ்.

ஃபிலிப்பா கொஞ்சம் தயங்கினாள். "பயிற்சி குடுத்தவங்க தப்பா சொல்லிட்டாங்கன்னு, குடுத்தவங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். அது நீங்கதான். போட்டா, அடுத்த தேர்தலுக்கு உங்களைப் பொறுப்பாளரா நான் போட முடியாது கிளெனிஸ். எழுத்துல வந்துட்டா எனக்கு வேற வழியில்லை. யோசிச்சு சொல்லுங்க, நான் அவசரப்படுத்தலை."

தேர்தல் அந்த வசந்தத்திலேயே வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சிநேகிதியின் பல் ஒரு பக்கம், ஒரு மேல்சட்டை இன்னொரு பக்கம். கேட்கிறவர்களுக்குச் சுலபம். கிளெனிஸ் ஒரு வாரம் யோசித்தாள். அச்சில் தெளிவாக இருந்ததே, படிக்காதது அவர்கள் குற்றம்தானே என்று ஒரு நாள். இன்னும் ஒரே ஒரு தேர்தல் நடத்திவிட்டுக் கையெழுத்துப் போடலாமே என்று ஒரு நாள். அப்படி நினைத்த அன்று அவளுக்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் அந்த நினைப்பை விட்டுவிடவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று பயந்தாள். சாவடியும் இல்லாவிட்டால் காலையில் எழுந்து எதற்கு உடுத்திக்கொள்வது என்பதுதான் உள்ளே இருந்த உண்மையான பயம்.

சனிக்கிழமை கால்பந்து மைதானத்துக்குப் போனாள். ஊரே அங்கேதான் இருக்கும். ரெய்லீன் ஆட்டத்தைப் பார்க்காமல் தன் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பேஸ்ட்டி. ஓரத்து மாவை எல்லாம் விண்டு ஜன்னல் வழியாகக் கடற்காக்கைகளுக்குப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கிழங்கை விரலால் நசுக்கி, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பேஸ்ட்டியின் ஓரத்துக்காகவே பள்ளிக்கூடத்தில் அடித்துக்கொண்டவள் அவள்.

கிளெனிஸ் ஆட்டம் முடிகிற வரை நிற்கவில்லை. வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையில் உட்கார்ந்து, வளைக்காமல் சுற்றாமல் எழுதினாள். படிவத்தை நான் படிக்கவில்லை. படிக்காமலேயே எல்லாக் கட்டத்திலும் நம்பர் போடச் சொன்னேன். அவர்கள் நான் சொன்னபடி செய்தார்கள். கீழே கையெழுத்துப் போட்டு, தபாலை நம்பாமல், திங்கட்கிழமை தானே வட்டார அலுவலகத்துக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஃபிலிப்பா கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பார்லி வயல்களுக்கு நடுவே ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் பசித்தது.

ஆட்களிடம் நேரில் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. டெஸ் வீட்டுக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினாள். ரெய்லீனும் வந்தாள், கதவோரத்தில் நின்றாள், உட்காரவில்லை. கிளெனிஸ் நடந்ததைச் சொன்னாள். எல்லோர் பணமும் திரும்ப வரும், நான் இனிமேல் பொறுப்பாளர் இல்லை என்றாள். மன்னிப்புக் கேட்டாள். பழக்கமில்லாததால் அது கட்டளை போடுகிற மாதிரியே வந்தது.

டெஸ்தான் முதலில் பேசினார்.

"ஹாலிடனுக்கு எட்டு போடும்போது நான் ரெண்டு தடவை மேலே மேலே எழுதினேம்மா. அவ்வளவு கோபம். அதான் மிஷினுக்கு என்னோடதுதான் முதல்ல கண்ணுல பட்டிருக்கும்."

சிரிப்பு கிளம்பிவிட்டது. நான் எட்டுக்கு உள்ளே கண்ணும் மூக்கும் வரைந்தேன் என்றாள் ஒருத்தி. ரெய்லீன் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் கிளெனிஸிடம் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சிரித்ததே போதும் என்று கிளெனிஸ் சமாதானப்பட்டுக்கொண்டாள், போதவில்லை என்றாலும்.

கம்பெனி சும்மா விட்டுவிடவில்லை. இந்தச் சான்று வேண்டும், அந்தச் சான்று வேண்டும் என்று இழுத்தடித்தது. கிளெனிஸ் வாரத்துக்கு ஒரு முறை போன் போட்டு அவர்கள் உயிரை எடுத்தாள். பாட்டுப் போட்டுக் காக்கவைத்தால் போனை மேஜையில் வைத்துவிட்டு பேஸ்ட்டிக்கு மாவு பிசைவாள். கடைசியில், குளிர்காலம் முடிகிற சமயத்தில் எல்லோர் கணக்கிலும் பணம் வந்து சேர்ந்தது. இயந்திரத்தையும் மாற்றிவிட்டார்களாம், இனி ஒன்றுக்கு மேல் குறி இருந்தால் ஒரு மனிதர் எடுத்துப் பார்ப்பாராம். ரெய்லீன் கடினாவுக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்த செய்தி டெஸ் மூலமாகத்தான் கிளெனிஸுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. தன்னிடம் வந்து காட்டவில்லையே என்று வலிக்கவும் செய்தது.

தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஃபிலிப்பா போன் செய்து, போர்ட் மெலினில் பொறுப்பாளராக யாரைப் போடலாம், உங்களுக்குத் தெரியாத ஆள் கிடையாதே என்று கேட்டாள். கிளெனிஸ் மூச்சு விடாமல் ரெய்லீன் பெயரைச் சொன்னாள். யார் சொன்னாலும் ஒரு தடவை தானே படித்துப் பார்க்கிற ஆளாக இப்போது அவள் ஆகிவிட்டாள், அதைவிட என்ன தகுதி வேண்டும் என்றாள்.

இரண்டு நாள் கழித்து ரெய்லீன் போனில் வந்தாள். வணக்கம் எல்லாம் சொல்லவில்லை.

"ஏண்டி, என்னைக் கேக்காமலே மாட்டி விட்டுட்டியா?"

"கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்தான்." ரெய்லீன் நேராக விஷயத்துக்கு வந்தாள். "எனக்கு வரிசையைப் பாத்துக்க ஆள் வேணும். டெஸ்ஸுக்கு முழங்கால் ஆபரேஷன். வெளியே நிக்கணும், காத்து அடிக்கும், ஹாலுக்குள்ள வந்து மேஜையை நகத்தக் கூடாது. பென்சில் பக்கமே போகக் கூடாது. வர்றியா?"

வருகிறேன் என்றாள் கிளெனிஸ். மேஜையை எங்கே போடப் போகிறாய் என்று கேட்க வாய்வரை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

தேர்தல் அன்று வளைகுடாவிலிருந்து காற்று பலமாகத்தான் அடித்தது. சாசேஜ் புகை முழுக்க வரிசையின் மேல்தான் போயிற்று. கிளெனிஸ் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, கைத்தடி வைத்திருப்பவர்களை முன்னால் அனுப்பினாள், நாய்களைக் கம்பியில் கட்டச் சொன்னாள், அம்மாக்களின் கைக்குழந்தைகளைக் கொஞ்ச நேரம் வாங்கி வைத்துக்கொண்டாள். அவள் கடையில் தின்று வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று பேசிவிட்டுப் போனார்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் உள்ளே ரெய்லீனின் குரல் கேட்டது. மேஜைகளைக் குறுக்கே போட்டிருந்தாள். அப்படியும் போடலாம் என்று கிளெனிஸுக்கு இத்தனை வருஷம் தோன்றியதே இல்லை. வரிசை வேகமாக நகர்ந்தது.

மத்தியானம் உள்ளே ஏதோ வேடிக்கை. ஒரு சிரிப்புச் சத்தம் கதவைத் தாண்டி, மைதானத்தைத் தாண்டிப் போனது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடிலெய்டிலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த ஒருவன், அவசரமாக வேலைக்குப் போக வேண்டியவன், கிளெனிஸிடம் வந்து தன் பெயர் பட்டியலில் சேர்ந்திருக்குமா என்று சந்தேகமாக இருக்கிறது, இங்கே யார் பொறுப்பு என்று கேட்டான். அவள் போட்டிருந்தது முதுகில் எழுத்தில்லாத சாதாரண ஊழியர் மேல்சட்டைதான், ஆனாலும் அதன் ஊதா நிறத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களா?" என்றும் கேட்டான்.

"நான் இல்லப்பா," என்றாள் கிளெனிஸ். "உள்ள போ. இப்ப சிரிச்சாங்களே, அவங்கதான்."